தண்ணீர் வரும் வழியில் இருந்தவர்கள்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசி வட்டாரத்து டீக்கடைகளில் பேப்பரைப் பிரித்ததும் கண் தேடுவது அணைகளின் நீர்மட்டத்தைத்தான். கடனாநதி 85 அடி, ராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடி, குண்டாறு 36.10 அடி, அடவிநயினார் 132 அடி. முழுக் கொள்ளளவு இங்கே வயலுள்ள வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். குண்டாறு நிரம்பியாச்சா, கார் சாகுபடிக்கு நாற்று விடலாமா, பிசான சாகுபடி வரை தண்ணி தாங்குமா என்று பேச்சு அதைச் சுற்றியே போகும். நீர் வரத்து, திறப்பு, ஆயக்கட்டு, கடைமடை என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம் கணக்கு இருக்கிறது.

இல்லாத கணக்கு ஒன்றும் உண்டு. இந்த ஆறுகள் அணைகளாக நிற்பதற்கு முன் அவற்றின் கரையில் தேனெடுத்தவர் யார், கிழங்கு தோண்டியவர் யார், கரை எழும்பும் முன் அவர்களிடம் யாராவது போய் ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற கணக்கு. அதை எந்தப் பொறியாளரும் எழுதி வைக்கவில்லை. எழுதச் சொன்னவரும் இல்லை.

தென்காசி மாவட்டத்தின் மேற்கு எல்லை முழுக்க மலை. வடக்கே சிவகிரி தொடங்கித் தெற்கே கடையம் வரை அது நீள்கிறது. இந்த மலைத்தொடரின் பழைய குடிகள் பளியர்கள். பழனிமலை, வருசநாடு, ஸ்ரீவில்லிபுத்தூர் மலை என்று பரவியிருக்கும் அவர்களுடைய குடியிருப்புகள் நம் மாவட்டத்திலும் இருக்கின்றன. வாசுதேவநல்லூருக்கு மேற்கே தலையணை, சொக்கம்பட்டிக்கு மேற்கே கருப்பாநதி அணைப் பகுதியில் கலைமான் நகர். தெற்கே பாபநாசம் மலைக்குப் போனால் காணிக்காரர்கள். மயிலாறு, சேர்வலாறு, அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, இஞ்சிக்குழி என்பவை அவர்களுடைய ஊர்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை அவர்களும் நாமும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள். மேக்கரைக்கு அப்பால் மலை இறங்கினால் அச்சன்கோவில் காடு. அங்கே மலைப்பண்டாரங்கள். ஆக, சிற்றாறும் தாமிரபரணியும் அச்சன்கோவிலாறும் பிறக்கும் இடங்களைச் சுற்றி மூன்று பழங்குடிகள் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். இந்த மலைகளிலிருந்து ஒரு வாய்க்கால் இறங்கினாலும் இவர்கள் காலடி பட்ட மண்ணைத் தொட்டுத்தான் இறங்க வேண்டும்.

குற்றாலத்துக்கு ஒரு பெருமை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் மலைவளத்தைச் சொல்கிறவள் குறத்தி. ஊருக்குள் இருக்கும் வசந்தவல்லி கேட்கிறாள், மலையிலிருந்து இறங்கி வந்தவள் சொல்கிறாள். அந்தப் பாட்டுக்காக மதுரை நாயக்க மன்னர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அது குறவஞ்சிமேடு என்றே பெயர் பெற்றது. குறவர் வேறு, பளியர் வேறு என்பது தெரியும். ஆனாலும் மலையைப் பற்றி அறிய மலையில் இருப்பவளையே கேட்க வேண்டும் என்ற நாகரிகம் அந்தப் பாட்டில் இருக்கிறது. அந்த நாகரிகம் நம்முடைய பாசனப் பதிவேடுகளுக்கு ஒருபோதும் வந்து சேரவில்லை.

அன்று தண்ணீரை யார் பேசி முடித்தார்கள்? செண்பகவல்லி அணைக்கட்டை எடுத்துக்கொள்வோம். சிவகிரி மலையின் உச்சியில், மேற்கே ஓடிவிடும் மழைநீரை ஒரு தடுப்புச் சுவரால் கிழக்கே திருப்பி, வாசுதேவநல்லூர், சிவகிரி, சங்கரன்கோவில் பக்கத்துக் குளங்களுக்கு இறக்கிய ஏற்பாடு அது. திருவிதாங்கூர் அரசும் சிவகிரி ஜமீனும் பேசி முடித்தது. ராஜாவும் ஜமீன்தாரும் பேசிய காலத்தில் மலைக்குடிகளின் பேரைச் சேர்த்துக்கொள்வது யார் நினைப்பிலும் இருந்திருக்காது.

கொஞ்சம் வடக்கே முல்லைப் பெரியாறு. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. ஒன்பது தலைமுறை இல்லை, முப்பது நாற்பது தலைமுறைக்கான எழுத்து. அந்த ஏரி மூழ்கடித்த காடு மன்னான்களும் பளியர்களும் புழங்கிய காடு. குத்தகைச் சீட்டில் இரண்டு தரப்புதான் உண்டு. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கை மதுரைச் சீமை தெய்வமாகக் கும்பிடுவதில் நியாயம் இருக்கிறது. வறண்ட பூமிக்குச் சோறு போட்ட அணை அது. அதே அணைக்காக வழிவிட்டவர்களுக்கு ஒரு நன்றிச்சொல்கூட எந்த ஊர்ச் சுவரிலும் நான் படித்ததில்லை.

பாபநாசம் மலையிலும் அதே கதை. 1940-களில் காரையாறு அணை, 1980-களில் சேர்வலாறு அணை. தாமிரபரணிக் கரை முழுவதும் அந்த அணைகளால் வாழ்கிறது. இஞ்சிக்குழிக்காரர்களுக்கோ, ஊருக்குப் போகும் வழியில் நீர்த்தேக்கம் கிடக்கிறது. இன்றும் அங்கே போக வேண்டுமானால் காரையாறு அணையைப் படகில் தாண்டிக் காட்டுக்குள் நடக்க வேண்டும். முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டுபோன தபால்காரரும் அப்படித்தான் போனார். கோயம்புத்தூர்ப் பக்கம் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் வந்தபோது ஆனைமலைக் காடர்கள் குடியிருப்புகளைப் பெயர்த்துக்கொண்டு நகர நேர்ந்தது. தமிழ்நாடும் கேரளமும் அந்தத் தண்ணீருக்காக 1970-ல் ஒப்பந்தம் போட்டு, 1958 முதலே செல்லும் என்று எழுதிக்கொண்டன. இரண்டு அரசுகளுக்கும் தங்கள் பங்கு எத்தனை டி.எம்.சி. என்பது பத்திரத்தில் இருக்கிறது.

நம்முடைய ஐந்து அணைகளுக்கு வருவோம். கடனாநதி, ராமநதி, கருப்பாநதி மூன்றும் 1970-களின் அணைகள். குண்டாறு அதற்கடுத்த பத்தாண்டில் வந்தது. மேக்கரை அடவிநயினார் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். அப்போதைய நடைமுறை எளிது. பொதுப்பணித் துறை சர்வே எடுக்கும். பட்டா நிலம் இருந்தால் 1894-ஆம் வருடத்து நில எடுப்புச் சட்டப்படி நோட்டீஸ் போகும். காட்டு நிலம் என்றால் ஒரு துறை இன்னொரு துறைக்கு எழுதும். பளியரிடம் பட்டா கிடையாது. பட்டா இல்லாதவனுக்கு நோட்டீஸ் கிடையாது. நோட்டீஸ் போகாத வீட்டில் ஆட்சேபம் எழாது. ஆட்சேபம் இல்லாத இடம் என்று கோப்பில் எழுதிவிடலாம். எந்த அதிகாரியும் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் இல்லாத மனிதரைப் பார்க்கும் வழி அந்த நடைமுறையில் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் அப்படி ஒரு நினைப்பே உலகத்தில் இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பழங்குடிகள் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 107-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1958-லேயே ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தது. பழங்குடிகளை அவர்களுடைய சம்மதம் இல்லாமல் வாழிடத்திலிருந்து அகற்றக் கூடாது என்பது அதில் ஒரு விதி. நாட்டுப் பாதுகாப்பு, பொருளாதார வளர்ச்சி என்று விலக்குகளும் கூடவே இருந்தன. நர்மதை அணைக்குக் கடன் கொடுத்த உலக வங்கி அமர்த்திய மோர்ஸ் குழு, 1992-ல் தன் அறிக்கையை எழுதும்போது இந்த உடன்படிக்கையைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. ஆக, கருப்பாநதியில் கரை எழும்பியபோது கேட்க வேண்டிய கடமை காகிதத்தில் இருந்தது. டெல்லியிலிருந்து சொக்கம்பட்டிக்கு அது நடந்து வரவில்லை.

*

இன்று நிலைமை வேறு. எவ்வளவு வேறு என்பதைப் பளியர்களிடமே முழுதாகச் சொன்னவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2006-ல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காட்டில் வாழும் பழங்குடிகளுக்குக் காலங்காலமாக இழைக்கப்பட்ட அநீதியைச் சரிசெய்யவே இந்தச் சட்டம் என்று அதன் முகப்புரையே ஒப்புக்கொள்கிறது. குடியிருக்கும், உழும் நிலத்துக்கு உரிமை. தேன், கிழங்கு, நன்னாரி, கடுக்காய், குங்கிலியம் போன்ற சிறு வனப்பொருளுக்கு உரிமை. மீனுக்கும் நீர்நிலைப் பொருள்களுக்கும் உரிமை. ஊரே சேர்ந்து ஒரு காட்டைக் காத்து ஆளும் சமூக வன உரிமை. இந்த உரிமைகள் முடிவு செய்யப்படும் வரை யாரையும் காட்டைவிட்டு அகற்றக் கூடாது. அந்த முடிவு தொடங்கும் இடம் தாசில்தார் மேசையோ ரேஞ்சர் அலுவலகமோ இல்லை. கிராம சபை. 2009 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுப்பதானால் அந்தக் கிராம சபையின் சம்மதத் தீர்மானம் வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது.

அது வெறும் சுற்றறிக்கைதானே என்று நினைத்தவர்களுக்கு 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே சொல்லட்டும் என்றது தீர்ப்பு. அந்த ஆண்டே பன்னிரண்டு ஊர்கள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அது தண்ணீர்த் திட்டம் இல்லைதான். ஆனால் ஒரு மலையின் மேல் என்ன நடக்கலாம் என்று மலையில் இருப்பவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்னதை நாடு ஏற்றுக்கொண்ட நாள் அது.

உலக அளவிலும் காற்று அந்தத் திசையில் வீசியது. 2007 செப்டம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் சபை பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. அதன் 32-ஆம் பிரிவு தண்ணீரைப் பெயர் சொல்லியே குறிக்கிறது: அவர்கள் நிலத்தையும் நீரையும் தொடும் திட்டத்துக்கு ஒப்புதல் தரும் முன், அவர்களுடைய அமைப்புகளோடு நேர்மையாகப் பேசி, விவரம் தெரிந்த சுதந்திரமான சம்மதம் பெற வேண்டும். இந்தியா ஆதரித்தே வாக்களித்தது. அதே ஆண்டு நவம்பரில் தென் அமெரிக்காவில் சூரிநாம் நாட்டுச் சரமாக்கா மக்களின் வழக்கில் அமெரிக்க நாடுகளுக்கு இடையிலான மனித உரிமை நீதிமன்றம், பெரிய திட்டங்களுக்கு ஆலோசனை மட்டும் போதாது, சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த மக்களின் ஊர்கள் பலவற்றை 1960-களில் அஃபோபாக்கா அணை விழுங்கியிருந்தது. நாற்பது ஆண்டுக்குப் பிறகு கிடைத்த தீர்ப்பு மூழ்கிய ஊர்களை மீட்டுத் தரவில்லை, இனி மூழ்காமல் இருக்க ஒரு வழி சொன்னது.

இத்தனையும் சொன்ன பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தால் முகம் சுருங்குகிறது. வன உரிமைச் சட்டம் இங்கே பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2008-ல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்குவது தடைப்பட்டு, 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே வேலை நகர்ந்தது. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இன்னொன்று, அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி தமிழ்நாட்டில் ஒரு சதுர அடிகூட இல்லை. கேரளத்திலும் இல்லை. அதனால் அட்டவணைப் பகுதிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே செல்லாது. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் அட்டவணைப் பகுதிகளுக்குத் தரும் முன்சம்மதப் பாதுகாப்பும் பளியருக்கு வராது. ஜார்க்கண்டில் ஒரு பழங்குடி ஊருக்கு உள்ள கேடயம் தலையணைக்கு இல்லை. அவர்களுக்கு இருப்பது வன உரிமைச் சட்டம் ஒன்றுதான். அதையும் தேய்க்கிறார்கள். 2022 ஜூனில் வந்த வனப் பாதுகாப்பு விதிகள், மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிறகு, நிலத்தைக் கையளிக்கும் முன் மாநில அரசு வன உரிமை வேலைகளை முடித்துக்கொண்டால் போதும் என்று வரிசையை மாற்றிவிட்டன. தேசியப் பழங்குடியினர் ஆணையமே இதை ஆட்சேபித்தது. முகூர்த்தம் குறித்துப் பத்திரிகை அடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பதைப் போன்றது இது.

பெரிய அணைகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு உண்டே என்பார்கள். உண்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பாசனமோ மின்சாரமோ தரும் திட்டங்களுக்கு. நம் மலையடிவாரத்துத் தடுப்பணைகளும் இணைப்புக் கால்வாய்களும் பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழே நின்றுவிடுகின்றன. இங்கே வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு நல்ல வழி இருக்கிறது. குளம், குடிநீர்க் குழாய், மழைநீர்ச் சேகரிப்பு, சிறு பாசனக் கால்வாய் போன்ற பதின்மூன்று வகை ஊர்நல வேலைகளுக்கு ஒரு எக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைத் தரலாம், எக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைத்திருக்க வேண்டும். அரசு மனது வைத்தால் குடியிருப்புக்கே தண்ணீர்க் குழாய் போட இதைப் பயன்படுத்தலாம். மலைக்குடிகளிடம் போய் உங்களுக்கு என்ன தண்ணீர் வேலை வேண்டும் என்று கேட்கச் சட்டமே கதவு திறந்து வைத்திருக்கிறது.

சரி, எந்தக் கிராம சபையைக் கேட்பது? கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தியோடு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ம் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ம் சேர்ந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் சில ஆயிரம் வாக்காளர்கள் உள்ள ஊராட்சியின் கூட்டத்தில், மலையடிவாரத்திலிருந்து வந்த இருபது முப்பது பளியர்கள் பின்வரிசையில் நின்றால் அவர்கள் குரல் தீர்மானப் புத்தகத்தில் ஏறுமா? குற்றாலம் போன்ற பேரூராட்சிகளில் சட்டப்படி கிராம சபையே கிடையாது. வன உரிமைச் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. 2012-ல் திருத்திய விதிகள், குடியிருப்பு குடியிருப்பாகப் பட்டியல் எடுத்து, பதிவேட்டில் இல்லாத குடியிருப்பையும் சேர்த்து, அங்கேயே சபை கூட்டச் சொல்கின்றன. பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். இதன்படி கலைமான் நகர் தனக்கென ஒரு சபை. தலையணை தனக்கென ஒரு சபை. தண்ணீர்த் திட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

கேட்கும் காலமும் முக்கியம். தேன் எடுக்கும் பருவத்தில் கூட்டம் போட்டால் குடியிருப்பில் ஆள் இருக்காது, காட்டுக்குள் இருப்பார்கள். பத்து மணிக்குக் கூட்டம், பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து என்பதும் ஆகாது. வரைபடத்தைக் கொண்டுபோய்த் தரையில் விரித்து, சுவர் எங்கே வரும், எந்தப் பாறை முங்கும், எந்தத் தடம் அடைபடும், மலைத்தெய்வத்துக்குப் படைக்கும் இடம் என்னவாகும் என்று அவர்கள் பேச்சிலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க நாள் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் நம் மலைக்கு அந்தப் பக்கம், சாலக்குடி ஆற்றுக்குப் போய்ப் பார்க்கலாம். பரம்பிக்குளம், சோலையாறு, பெரிங்கல்குத்து என்று அணை அணையாக ஒதுக்கப்பட்ட அதே காடர்கள், வாழச்சால் காட்டில் ஒன்பது குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். 2014-ல் அவர்களுக்குச் சமூக வன வள உரிமை கிடைத்தது. 163 மெகாவாட் அதிரப்பள்ளி நீர்மின் திட்டம் அந்த ஆற்றின் மேல் பல பத்தாண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் கிராம சபை கூட்டித் தங்கள் எதிர்ப்பைத் தீர்மானமாகவே போட்டார்கள். தாத்தாவைக் கேட்காமல் அணை கட்டிய நாட்டில் பேத்தி தீர்மானம் எழுதிக் கொடுத்தாள். அதிரப்பள்ளியில் இன்றுவரை அணை எழும்பவில்லை.

*

இனி நான் சொல்லப்போவது எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் சொல்ல வேண்டும்.

பம்பா–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்பு என்பது சங்கரன்கோவில், கோவில்பட்டி, சாத்தூர்க் கரிசல்காட்டின் நெடுநாள் கனவு. தேசிய நீர் மேம்பாட்டு முகமை 1995-ல் அதன் சாத்தியக்கூறு அறிக்கையை முடித்தது. ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் தண்ணீரை மூன்று அணைகளில் தேக்கி, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து, சுமார் 91,400 எக்டேருக்குப் பாய்ச்சுவது திட்டம். கேரளம் மறுக்கிறது. மிகுதி நீர் என்று ஒன்று எங்கள் ஆறுகளில் இல்லை, குட்டநாட்டிலும் வேம்பநாட்டுக் காயலிலும் உப்பு ஏறும் என்பது அவர்கள் வாதம். மழை பொய்த்தால் குடிக்கவும் தண்ணீர் இல்லாத எங்கள் ஊர்களைப் பாருங்கள் என்பது நம் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. முப்பது ஆண்டுகளாக இந்த வழக்கு மேடையிலும் சட்டமன்றத்திலும் நடக்கிறது.

இந்த முப்பது ஆண்டுப் பேச்சில் மலைப்பண்டாரங்கள் என்ற பெயர் எத்தனை முறை அடிபட்டது? பம்பை, அச்சன்கோவில் காடுகளில் பாறை நிழலிலும் இலைக்குடிலிலும் தங்கி, சிறு சிறு குடும்பங்களாக இடம் மாறி, தேனும் குங்கிலியமும் சேர்த்து விற்று வாழும் மக்கள் அவர்கள். பிரையன் மோரிஸ் என்ற ஆய்வாளர் அவர்களோடு இருந்து பழகி 1982-ல் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். நமக்கு அவர்கள் அன்னியரும் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அச்சன்கோவில் கேரளத்தில் நின்றது. எல்லை வந்த பிறகும் மலைக்கு இரு பக்கமும் போக்குவரத்து நிற்கவில்லை. அச்சன்கோவில் ஐயப்பனின் திருவாபரணப் பெட்டி மார்கழி மகோற்சவத்துக்குத் தென்காசி வழியாகத்தான் போகிறது. நாம் வாசலில் கூடி நின்று கும்பிடுகிறோம். அந்தக் காட்டின் நீரை நமக்குக் கேட்கும்போது மட்டும் அங்கே மனிதர் இருப்பது நம் கணக்கில் வருவதில்லை. கேரளமும் தன் மறுப்பில் காயலையும் நெல்வயலையும் சொன்ன அளவுக்கு அவர்களைச் சொன்னதில்லை.

இடம் மாறி வாழ்பவர்களை எந்தச் சபையில் வைத்துக் கேட்பது என்று கைவிரிக்கவும் வழியில்லை. நாடோடியாகத் திரிந்து பருவத்துக்குப் பருவம் காட்டைப் பயன்படுத்துவோரின் உரிமையை வன உரிமைச் சட்டம் தனியாகவே சொல்கிறது. இந்தத் திட்டம் என்றாவது உயிர் பெற்றால், பேச்சுவார்த்தை மேசையில் முதல் நாற்காலி அவர்களுக்குப் போட வேண்டும். தமிழ்நாடு அதைத் தானாகவே கேட்க வேண்டும். எங்களைக் கேட்காமல் கேரளம் முடிவெடுக்கிறது என்று வருத்தப்படும் நமக்கு அந்த வலி தெரியுமே.

செண்பகவல்லியிலும் இதே கேள்விதான். அந்தச் சுவர் உடைந்து பல பத்தாண்டுகள் ஆயிற்று. சீரமைக்கத் தமிழ்நாடு கேரளத்திடம் பணம் கட்டியும் வேலை நடக்கவில்லை. வாசுதேவநல்லூர், சிவகிரி விவசாயிகள் இன்றும் மனுவோடு அலைகிறார்கள். அவர்கள் கோரிக்கை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். உடைந்த பழைய சுவரைக் கட்டுவது புதிதாக ஒரு காட்டை மூழ்கடிப்பதாகாது. ஆனால் அந்த மனுவில் தலையணைப் பளியர்களின் கையெழுத்தும் இருந்தால் அதன் எடை கூடும். தண்ணீர் எந்த மாதம் எந்தப் பக்கம் சாய்கிறது, ஓடை எங்கே தடம் மாறியது, யானை எந்த வழியாக இறங்குகிறது என்பதெல்லாம் அந்தக் காட்டில் புழங்குகிறவர்களுக்குத் தெரிந்த விவரம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிர் போனதே, அதன் பிறகு எச்சரிக்கைக் கருவி பற்றி நிறையப் பேசினோம். கருவி வரட்டும். மேலே மழை கண்டதும் கீழே சொல்ல, மலைக்குடி இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு அந்த வேலையைக் கொடுக்கலாம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ராமநதி–ஜம்புநதி இணைப்புக் கால்வாய்க்கு வனத்துறை அனுமதிக்காகக் கீழப்பாவூர், கடையம் பக்கத்தார் காத்திருந்த கதை எல்லோருக்கும் தெரியும். 2015-ல் நெல்லை வனவிலங்கு சரணாலயம் வந்த பிறகு இந்த மலையடிவாரத்தில் கால்வாய் வெட்டுவதானாலும் வனவிலங்கு வாரியம் வரை கோப்பு போக வேண்டியிருக்கும். மானுக்காகவும் மிளாவுக்காகவும் ஒரு வாரியம் கூடிப் பேசுவது சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும். அதே காட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மனிதருக்காக ஒரு சபை கூடாமல் எந்தக் கோப்பும் நகரக் கூடாது. குற்றாலத்தில் சில விடுதிகள் ஓடை நீரைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டியபோது 2022-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை தலையிட்டது. பளியருக்காக அப்படி வழக்குப் போட யார் வருவார்கள்?

நூறு பேர் வேண்டாம் என்றால் ஒரு லட்சம் ஏக்கர் காய வேண்டுமா என்பார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டிய கேள்வி. என் பதில் இதுதான். இதுவரை எந்த மலைக்குடியும் தண்ணீர் கீழே போகக் கூடாது என்று சொன்னதாக நான் அறியேன். அவர்கள் கேட்பது எங்கள் ஊர் முங்காமல், தடம் அடைபடாமல், சாமி இடம் போகாமல் செய்ய முடியுமா என்பதே. சுவரைப் பத்து அடி தள்ளி வைப்பதாலும் கால்வாயை ஒரு பாறையைச் சுற்றிக் கொண்டுபோவதாலும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அது வரைபடம் போடும்போது கேட்டால்தான் தெரியும், கல்வெட்டு திறக்கும் நாளில் தெரியாது. அத்தனையும் பேசி, மாற்று வழி எல்லாம் பார்த்த பிறகும் அவர்கள் ஊர் முழுவதுமாகப் போகும் என்றால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கத்தான் வேண்டும். நம் ஊரை மூழ்கடிக்க வந்தால் நாம் அதைத்தானே கேட்போம்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் விவசாயச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மைக்கைப் பிடித்து மடை, ஷட்டர், தூர்வாரல் என்று நாம் எல்லாம் பேசுகிறோம். அந்த அரங்கில் தலையணைக்கும் கலைமான் நகருக்கும் இரண்டு இருக்கைகள் ஒதுக்குங்கள். அதற்கும் முன்னதாக, வரும் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று, வன உரிமை விதிகள் சொல்லும் சபையை அந்தக் குடியிருப்புகளிலேயே கூட்டுங்கள். நீர்வளத் துறைப் பொறியாளரும் ரேஞ்சரும் விவசாயச் சங்கத் தலைவரும் அங்கே போய்த் தரையில் உட்கார்ந்து, இந்த மலையில் எந்தெந்தத் தண்ணீர் வேலைகள் யோசனையில் இருக்கின்றன என்று சொல்லட்டும். அவர்கள் சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அவர்கள் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். இருக்கிற சட்டமே போதும்.